ஹெட் லென்ஸ் வாங்கப் போறீங்களா? எக்ஸை விடுங்க, இன்ச் டேப்பை எடுங்க

தை முகூர்த்தம் நெருங்கிவிட்டால் என்னிடம் ஆரி கற்றுக்கொண்டு போன பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். நூல் எங்கே வாங்கலாம், ஸ்டோன் ஒட்ட எந்த கம் நல்லது என்று கேட்டது போக, இப்போதெல்லாம் அதிகம் வருகிற கேள்வி இதுதான்: "யக்கா, தலையில மாட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை எக்ஸ் வாங்கறது?"

ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் படித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். எத்தனை எக்ஸ் என்பது இரண்டாவது கேள்வி. வேலை செய்யும்போது உங்கள் கண்ணுக்கும் துணிக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதை அளக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள்.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு: நான் இருப்பது தளவானூர். செஞ்சிப் பக்கம். மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குடைவரைக் கோயில் இருக்கிற ஊர் என்றால் சரித்திரம் படித்தவர்களுக்குப் புரியும். நான் கல்யாண பிளவுஸுக்கு ஆரி ஒர்க் செய்கிறேன், கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். அப்பா பொற்கொல்லர். வீட்டுக்காரர் செஞ்சியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மூன்று பேருமே நாள் முழுக்கக் கண்ணை இடுக்கிக்கொண்டு சின்னச் சின்னப் பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்கள். மூன்று பேருக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவராது என்பதை வீட்டிலேயே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் என் தகுதி.

எக்ஸ் என்ற எண் எங்கிருந்து வருகிறது?

கண் டாக்டர் சீட்டில் +2.00 என்று எழுதித் தருகிறாரே, அதுதான் லென்ஸின் உண்மையான பவர். டயாப்டர் என்பார்கள். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த லென்ஸ் வழியாக எத்தனை சென்டிமீட்டர் தூரம் வரைக்கும் தெளிவாகத் தெரியும் என்று கிடைத்துவிடும். +2 என்றால் 50 சென்டிமீட்டர். +4 என்றால் 25. +10 என்றால் வெறும் 10 சென்டிமீட்டர், அதாவது நாலு அங்குலம். இளவயதுக்காரர்கள் இதைவிடக் கிட்டேயும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதைத் தாண்டித் தள்ளிப் போனால் யாருக்கும் கலங்கல்தான்.

எக்ஸ் என்பது இதிலிருந்து பிறக்கிற எண். கிட்டே வைத்துப் பார்ப்பதற்கு 25 சென்டிமீட்டர் என்று ஒரு பொதுக்கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி டயாப்டரை 4-ஆல் வகுத்தால் எக்ஸ். சில கம்பெனிகள் வகுத்த பிறகு அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 10 டயாப்டர் லென்ஸை ஒரு கம்பெனி 2.5 எக்ஸ் என்று விற்கும், இன்னொரு கம்பெனி 3.5 எக்ஸ் என்று விற்கும். இரண்டும் அதே கண்ணாடிதான். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கிற எண்ணை வைத்து இரண்டு கம்பெனிப் பொருளை ஒப்பிட முடியாது என்பது இதனால்தான்.

ஒழுங்காகத் தயாரிக்கிறவர்கள் எக்ஸோடு தூரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். நகை வேலை, வாட்ச் வேலை செய்பவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் ஆப்டிவைசர் என்ற அமெரிக்க வைசரின் கணக்கைப் பாருங்கள்:

1.5 எக்ஸ் என்றால் 20 அங்குலம்.
1.75 எக்ஸ் என்றால் 14 அங்குலம்.
2 எக்ஸ் என்றால் 10 அங்குலம்.
2.5 எக்ஸ் என்றால் 8 அங்குலம்.
2.75 எக்ஸ் என்றால் 6 அங்குலம்.
3.5 எக்ஸ் என்றால் 4 அங்குலம்.

எக்ஸ் ஏற ஏற அங்குலம் இறங்குகிறது, கவனித்தீர்களா? அது அந்தக் கம்பெனியின் குறை இல்லை. ஒற்றை லென்ஸின் இயல்பே அதுதான். அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று: பொருளைக் கண்ணுக்கு மிகக் கிட்டே கொண்டுபோனாலும் கலங்காமல் பார்க்க விடுகிறது. கிட்டே போவதால்தான் பொருள் பெரிதாகத் தெரிகிறது. தள்ளி உட்கார்ந்தபடியே பெரிதாகவும் பார்க்க வேண்டும் என்றால் ஒற்றை லென்ஸால் ஆகாது, எத்தனை விலை கொடுத்தாலும்.

இதோடு போகாது. எக்ஸ் கூடும்போது கண்ணில் படும் பரப்பு சுருங்கும். மேலே கீழே எவ்வளவு தூரம் தெளிவாக இருக்குமோ அதுவும் சுருங்கும். நாலு அங்குல லென்ஸைப் போட்டுக்கொண்டு தலையைக் கொஞ்சம் அசைத்தாலே துணி மங்கிவிடும். அப்புறம் தலையை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். சாயந்திரம் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கழுத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு டாக்டர் 2014-ல் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார். நிமிர்ந்திருக்கும்போது தலையின் பாரம் கழுத்துக்கு 5 கிலோ அளவில் இருக்கும். 30 டிகிரி குனிந்தால் அது 18 கிலோவாக உறைக்கும், 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. அவர் சொன்னது போனைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கு. ஆரி ஸ்டாண்டு முன்னால் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்திருக்கிற நமக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

ஆரிக்காரப் பெண்களுக்கு

முதலில் அளந்து பாருங்கள். ஸ்டாண்டில் துணியைப் பூட்டி, எப்போதும் உட்காரும் நாற்காலியிலோ தரையிலோ உட்கார்ந்து, பத்து நிமிஷம் வழக்கம்போல் செயின் ஸ்டிச் போடுங்கள். உடம்பு தன் பழக்கத்துக்கு வந்த பிறகு, பக்கத்தில் இருக்கிற யாரையாவது விட்டு, கண் ஓரத்திலிருந்து ஊசி முனை வரைக்கும் டேப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 13, 14 அங்குலம் வரும். உயரமான பெண்களுக்கு 16 வரைக்கும் போகும்.

இப்போது மேலே இருக்கிற பட்டியலைப் பாருங்கள். 14 அங்குலத்துக்கு நேரே இருப்பது 1.75 எக்ஸ். டயாப்டரில் சொன்னால் +3. பார்மசியிலும் கண்ணாடிக் கடையிலும் ரெடிமேடாகத் தொங்குகிற படிக்கிற கண்ணாடியின் பவர் அது! 14 அங்குலத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு 1.75 எக்ஸ் ஹெட் லென்ஸும் +3 படிக்கிற கண்ணாடியும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே மணியைப் பெரிதாகக் காட்டுவதைவிட, கிட்டப் பார்க்கக் கண் படும் பாட்டைக் குறைப்பதுதான் அதிகம். பெட்டியில் "1.75 எக்ஸ்" என்று எழுதியிருப்பதால் மணி ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும்.

அப்படியானால் ஹெட் லென்ஸ் வேண்டாமா? வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. தூரத்தில் பார்க்க ஏற்கெனவே கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். டிசைன் பேப்பரையும் வாசலில் வந்து நிற்கிறவர்களையும் பார்க்கும்போது லென்ஸை மேலே தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இந்த வசதிக்காக வாங்குங்கள். 1.5-லிருந்து 1.75 எக்ஸ் வரைக்கும், அதற்கு மேல் வேண்டாம்.

"பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானேக்கா, சுகர் பீட்ஸ் நல்லாத் தெரியுமே?" என்று கேட்பார்கள். தெரியும். ஆனால் ஆரி ஊசியைக் கைப்பிடியோடு நிறுத்திப் பாருங்கள், நாலைந்து அங்குலம் வரும். அது துணிக்கு மேலே செங்குத்தாக நின்று ஏறி இறங்க வேண்டும். 3.5 எக்ஸ் லென்ஸ் நாலு அங்குலத்தில்தான் தெளிவாகக் காட்டும். முகத்துக்கும் துணிக்கும் நடுவே ஊசி நிற்கவே இடமிருக்காது, கைப்பிடி போய் லென்ஸில் இடிக்கும். பெரிய பவர் நம் வேலைக்கு ஏன் ஆகாது என்பதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டாம். போட்ட வேலையில் நூல் பிரிந்திருக்கிறதா, கட் பீட்ஸ் முனை துணியைக் கிழிக்கிறதா என்று முடித்த பிறகு சோதிப்பதற்குக் கைலென்ஸ் ஒன்று டிராயரில் கிடந்தால் போதும்.

அப்பாவின் பட்டறையில்

அப்பாவின் கணக்கு வேறு. கல் பதிக்கும்போது சாமணத்தைப் பிடித்தபடி பொருளை முகத்துக்குக் கிட்டே தூக்கிக்கொள்வார். எட்டு, பத்து அங்குலம். அதற்கு 2-லிருந்து 2.5 எக்ஸ் சரியாக இருக்கிறது. நமக்குத் துணி ஸ்டாண்டில் பூட்டியிருக்கிறது, அதனால் நாம் குனிய வேண்டும். அவருக்குப் பொருள் கையில் இருக்கிறது, அதனால் அது அவரிடம் வரும். அந்த வித்தியாசத்தால்தான் அவருக்கு ஒத்துவருவது நமக்கு ஒத்துவருவதில்லை.

பற்றவைக்கும்போது மட்டும் லென்ஸை நெற்றிக்கு மேலே தூக்கிவிடுவார். ஊதுகுழல் பிடிக்கும்போது முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தொங்கக் கூடாது, வெண்காரம் தெறித்தாலும் லென்ஸ் பாழ். ஹெட் லென்ஸ் கண்ணைப் பாதுகாக்கும் கண்ணாடி அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பி வெட்டும்போதும் அரம் போடும்போதும் அதன் ஓரம் வழியாகத் தூள் தாராளமாக உள்ளே வரும்.

அவரிடம் பத்து எக்ஸ் கைலென்ஸும் இருக்கிறது, மடக்கி வைக்கிற வகை. கல்லில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், இப்போது ஹால்மார்க் எண்ணைப் படிப்பதற்கும் அதுதான். 2023 ஏப்ரல் 1-லிருந்து ஹால்மார்க் நகை என்று விற்பதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. இருந்தாக வேண்டும். லேசரில் பொறிக்கிற எழுத்து, வெறுங்கண்ணுக்குப் புள்ளி வைத்த மாதிரி இருக்கும். நகைக்கடையில் நீங்கள் கேட்டால் குறைந்தது பத்து எக்ஸ் லென்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த லென்ஸ் ஒரே அங்குலத்தில்தான் தெளிவாகக் காட்டும் என்பதும் கையில் பிடித்தால் தெரிந்துவிடும். "பத்து எக்ஸ் ஹெட் லென்ஸ்" என்று எங்காவது விளம்பரம் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு இடிக்கிற தூரத்தில் யாரும் வேலை செய்ய முடியாது.

அப்பா சொல்வார்: "வேலை பாக்கறதுக்கு ஒரு கண்ணாடி, பாத்த வேலைய சோதிக்கறதுக்கு ஒரு கண்ணாடி. ரெண்டும் ஒண்ணு கெடையாது பாப்பா." நான் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அவர் இந்த ரெண்டு வரியில் முடித்துவிட்டார்.

சர்வீஸ் கடையில்

மொபைல் போர்டில் இருக்கிற கெபாசிட்டர், ரெசிஸ்டரில் 0201 என்ற அளவு 0.6-க்கு 0.3 மில்லிமீட்டர். உப்புக்கல்லைவிடச் சின்னது. எங்கள் வீட்டுக்காரர் போனைத் திறப்பதற்கும் ஸ்குரூ கழற்றுவதற்கும் ஸ்ட்ரிப் மாட்டுவதற்கும்தான் ஹெட் லென்ஸைத் தொடுவார். சால்டரிங் என்று வந்தால் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புக்குப் போய்விடுவார். கடையில் இருப்பது 7-லிருந்து 45 எக்ஸ் வரை போகிற ட்ரைனாகுலர். அடியில் 0.5 எக்ஸ் லென்ஸ் ஒன்றைத் திருகிவிட்டால் பெருக்கம் பாதியாகக் குறைந்தாலும், அயர்னும் கையும் நுழைகிற அளவுக்கு இடம் கிடைக்கும். அங்கேயும் பாருங்கள், பெருக்கத்தைக் கொடுத்து இடத்தை வாங்குகிறார்கள்.

சர்வீஸ் கற்றுக்கொள்கிற பையன்களுக்கு என் யோசனை: ஹெட் லென்ஸில் அதிகக் காசு போடாதீர்கள். அதைச் சேர்த்துவைத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கொடுங்கள்.

தள்ளி இருந்தபடியே பெரிதாகப் பார்க்க முடியாதா?

முடியும், பல் டாக்டரைப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து 35, 40 சென்டிமீட்டர் தள்ளியே 2.5 எக்ஸில் நம் வாயைப் பார்க்கிறார். அவர் கண்ணாடியில் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது குட்டித் தொலைநோக்கி, லூப் என்பார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குழல், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ். ஜெர்மன் கண் டாக்டர் சேமிஷ் 1876-லேயே இரண்டு கண்ணுக்கும் சேர்த்து லூப் போட்டு ஆபரேஷன் செய்ய வழிகாட்டினார். ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் பரவுவதற்கு முன்னால் கண்புரை ஆபரேஷன்கள் லூப் போட்டுத்தான் நடந்தன.

விலைதான் இடிக்கும். சாதாரண எல்.இ.டி. ஹெட் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கண்ணாடி லென்ஸ் போட்ட நல்ல வைசர் ஆயிரங்களில். டாக்டர்கள் போடுகிற நல்ல லூப் அதற்கும் பல மடங்கு மேலே, நம் கண்களுக்கு நடுவே இருக்கிற தூரத்தை அளந்து செய்ய வேண்டியது. பிளவுஸுக்குக் கூலி வாங்குகிற நமக்குக் கட்டாது. தேவையும் இல்லை.

வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

இதற்கு எங்கள் ஊர்க் குடைவரைக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சத்ருமல்லேசுவரம் என்பது அதன் பெயர். சத்ருமல்லன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம், அப்படியென்றால் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷம். முகப்பில் மகர தோரணம், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள், கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு, தமிழ்க் கல்வெட்டும் உண்டு. செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோட்டையைப் பார்த்துவிட்டு மண்டகப்பட்டு, பனைமலை என்று பல்லவர் கோயில்களைச் சுற்றுகிறவர்கள் இங்கேயும் எட்டிப் பார்க்கிறார்கள்.

வருகிறவர்கள் எழுத்தைப் பார்த்ததும் போன் டார்ச்சை நேருக்கு நேராக அடிப்பார்கள். எழுத்து மறைந்துவிடும், வெறும் பாறைதான் பளிச்சென்று தெரியும். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்துப் பக்கத்திலிருந்து அடிப்பார்கள். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். மேடு பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவது வெளிச்சம் இல்லை, நிழல்.

ஹெட் லென்ஸின் நெற்றியில் இருக்கிற எல்.இ.டி. அந்தப் போன் டார்ச் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. கண் பார்க்கிற திசையிலேயே வெளிச்சமும் போகும், நிழல் விழாது. ஜர்தோசி மேல் எழும்பி நிற்கிறதா, பிரெஞ்ச் நாட் தளர்ந்திருக்கிறதா என்பது அந்த வெளிச்சத்தில் தட்டையாகிவிடும். கோல்டன் கலர் பீட்ஸிலும் தங்கத்திலும் பட்டு கண்ணைக் கூசவும் செய்யும். அதனால் லைட் வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, கழுத்து வளைகிற டேபிள் லேம்ப் ஒன்று வாங்கி வலக்கைக்காரர்கள் இடது பக்கத்தில் தாழ்வாக வையுங்கள். கையின் நிழல் ஊசி முனையில் விழாது, நூலின் நிழல் மட்டும் விழும்.

நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான எல்.இ.டி. வெளிச்சம் நீலம் பாய்ந்திருக்கும். அரக்குச் சிவப்பும் மெரூனும் அதில் ஒன்றாகத் தெரியும். பல்பு வாங்கும்போது, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்கிற சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். அப்போதும் சில்க் திரெட்டைப் புடவையோடு சேர்த்துப் பார்க்கிற வேலையை வாசலில், பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்குத் தனியாக

"முன்னல்லாம் ஊசி தானா ஓடும், இப்போ நூலே தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு ஹெட் லென்ஸ் தேடுகிறவர்களில் பலருக்கு வேண்டியது ஹெட் லென்ஸ் இல்லை. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வருவது அது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டே பார்க்க மாட்டேன் என்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அஸ்ஸாமில் நாற்பது வயது தாண்டிய தேயிலை பறிக்கும் தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கிட்டே பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் பறிப்பு, கொடுக்கப்படாதவர்களுடையதைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலைக்கே இந்த வித்தியாசம் என்றால் இரண்டு மில்லிமீட்டர் மணி கோக்கிற நமக்கு எப்படி இருக்கும்?

கண்ணாடி போடுகிறவர்கள் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். படிக்கிற கண்ணாடிக்கு மேல் ஹெட் லென்ஸ் மாட்டினால் இரண்டு பவரும் கூடிவிடும். +2 கண்ணாடியும் 4 டயாப்டர் லென்ஸும் சேர்ந்தால் 6. பத்து அங்குலத்தில் தெரிய வேண்டியது ஆறரை அங்குலத்துக்கு இறங்கிவிடும். பைஃபோகல் போடுகிறவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தாலும் இதேதான். தூரத்தில் பார்க்கிற கண்ணாடிக்கு மேல் மாட்டினால்தான் லென்ஸின் சொந்தக் கணக்கு நிற்கும். மைனஸ் பவர்காரர்களுக்கு ஒரு லாபம் உண்டு: -4 இருக்கிறவர் கண்ணாடியைக் கழற்றினாலே பத்து அங்குலத்தில் தெளிவாகத் தெரியும், லென்ஸே வேண்டாம்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் கண் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், புதுச்சேரி பக்கம் போகிறவர்களுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. சர்க்கரை இருக்கிறவர்கள் விழித்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் கையில் எடுத்தால்

பவரைச் சரிபார்க்க ஒரு வழி: லென்ஸைக் கழற்றி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்குக் கிட்டே பிடியுங்கள். வெளியே தூரத்தில் இருக்கிற மரம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸுக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை சென்டிமீட்டரோ, அதுதான் அந்த லென்ஸின் வேலைத் தூரம். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சுவரில் விழுவதுதான் சரி.

மாட்டிக்கொண்டு செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே படமாக வர வேண்டும். கிட்டே பார்க்கும்போது கண்கள் உள்பக்கம் திரும்பும், அந்தச் சிரமத்தைக் குறைக்கிற மாதிரி நல்ல வைசர்களில் லென்ஸைப் பட்டகம்போல் சாய்த்துக் கடைந்திருப்பார்கள். மலிவானதில் அது இருக்காது. கால் மணி நேரத்தில் நெற்றி வலித்தாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி லென்ஸ் கனம், ஆனால் எளிதில் கீறாது. பிளாஸ்டிக் இலேசு, முந்தானையால் துடைத்தால் ஒரே மாசத்தில் மங்கிவிடும். தண்ணீரில் நனைத்துக் காட்டன் துணியால் ஒற்றுங்கள். பட்டை விஷயத்தை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்: சித்திரை வெயிலில் நம் நெற்றி வியர்வையும் தேங்காயெண்ணெயும் பட்டு ஸ்பாஞ்சு ஊறிப்போகும். கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்க வேண்டும். கொண்டைக்கு மேலேயா கீழேயா எங்கே பட்டை உட்காருகிறது என்று பூ வைத்த தலையோடு மாட்டிப் பாருங்கள்.

லைட் வைத்த மாடலில் பட்டன் பேட்டரி போடுவது இருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் அந்த மாடலே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆபத்து அது. சார்ஜ் போடுகிற வகையோ, பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிற வகையோ பாருங்கள். வேலை முடிந்ததும் லென்ஸை வெயில் விழுகிற ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெயிலைக் குவித்துத் துணியைப் பொசுக்கிவிடும், பட்டுப் புடவைக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

சுருக்கமாக என் தீர்ப்பு: ஆரிக்கு 1.5-லிருந்து 1.75 எக்ஸ், நாற்பது தாண்டியிருந்தால் அதற்கு முன்னால் கண்ணாடி. நகை வேலைக்கு 2-லிருந்து 2.5, சோதிக்கத் தனியாகப் பத்து எக்ஸ் கைலென்ஸ். மொபைலுக்கு மைக்ரோஸ்கோப். 3.5 எக்ஸ் ஹெட் லென்ஸ் இந்த மூன்று தொழிலுக்குமே முழுநேர வேலைக்கு ஆகாது.

கடைசியாக, பத்துப் பதினைந்து பெண்களை உட்காரவைத்து ஆர்டர் எடுத்துச் செய்கிற யூனிட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு ஒரு ஹெட் லென்ஸ் வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால், எல்லோரையும் ஒரு நாள் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி வேண்டியவர்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள், அந்த ஒரு நாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.